பால் ஆராய்ச்சிக்காரி

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் மாதமே என் ஆராய்ச்சியின் பெயரை அப்பாவும் அம்மாவும் மாற்றிவிட்டார்கள்.

செல்லூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் விசைத்தறி ஓடுகிறது. துண்டு நெய்து மொத்தக் கடைகளுக்குப் போடுவது அப்பாவின் தொழில். நூல் போட வருகிறவர், துண்டு எடுக்க வருகிறவர் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும். அவர்களில் ஒருவர், மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். அப்பா நான் சொல்லிக்கொடுத்தபடியே விளக்கியிருக்கிறார்: கஞ்சாவில் இருக்கிற மாதிரியான ஒரு பொருள் நம் உடம்பிலேயே தானாக ஊறுகிறது, மூளையில் புது அணுக்கள் வளர அது உதவுகிறது, அது எப்படி என்றுதான் மகள் பார்க்கிறாள் என்று. வந்தவருக்குக் கஞ்சா என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. அடுத்த வாரம் தெருமுனைக் கடையில் நான் ஷாம்பு வாங்கிக்கொண்டிருந்தபோது, "யுனிவர்சிட்டில கஞ்சா படிக்கிற புள்ள இதுதான்" என்று யாரோ என் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்தில் கஞ்சா என்றால் ஜனங்களுக்கு நினைவுக்கு வருவது ஒரே படம்தான். மேசை மேல் பொட்டலங்களை அடுக்கி வைத்து, பின்னால் நாலு போலீஸ்காரர்கள் நிற்க, நடுவில் முகத்தைத் துண்டால் மூடிய ஒருவன். அப்பாவுக்கு அதை நினைத்தே தூக்கம் போய்விட்டது. வேறு ஏதாவது பெயர் இல்லையா என்று கேட்டார். அதே பொருள் தாய்ப்பாலிலும் இருக்கிறது என்று எப்போதோ நான் சொல்லியிருந்தது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

"அப்ப தாய்ப்பால் ஆராய்ச்சின்னே சொல்லிக்கிருவோம். பொய்யும் இல்ல, கேக்குறவுகளுக்கு நல்லாவும் இருக்கும்" என்றாள்.

நான் மறுக்கவில்லை. எனக்கும் அந்தச் சொல் கூச்சமாகத்தான் இருந்தது. பல்கலைக்கழகம் இருக்கும் நாகமலை புதுக்கோட்டைக்குப் போகும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன துறை என்று கேட்டால், நரம்பியல் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்த நாள் முதல் எங்கள் தெருவில் நான் பால் ஆராய்ச்சிக்காரி ஆனேன்.

உண்மையில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வளரும் மூளையில், இன்ன அணு என்று இன்னும் ஆகாத குருத்தணுக்கள் உண்டு. அவை பெருகி, இடம்பெயர்ந்து, இழை நீட்டி நரம்பணுக்களாகின்றன. எப்போது பெருக வேண்டும், இழை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் உடம்பே செய்துகொள்ளும் இந்தப் பொருட்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அவற்றில் ஒன்றுக்கு ஆனந்தம் என்ற நம்மூர்ச் சொல்லை வைத்தே வெள்ளைக்காரர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். கஞ்சாச் செடியில் இருப்பது, இந்தப் பொருட்களுக்கென்று அணுவின் மேல் அமைந்திருக்கும் பூட்டில் தற்செயலாகப் பொருந்திவிடுகிற ஒரு கள்ளச்சாவி. செடியைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். அதனால் சொந்தச் சாவிக்கும் கள்ளச்சாவியின் பெயரையே வைத்துவிட்டார்கள். கெட்ட பெயர் வந்தது அப்படித்தான்.

என் வேலையில் பெரும்பகுதி கண்ணாடித் தட்டுகளில் அணுக்களை வளர்ப்பது. இன்னொரு பகுதி சுண்டெலிக் குட்டிகள். பிறந்த உடனே அந்தப் பூட்டை மருந்தால் அடைத்துவிட்டால் குட்டி பால் குடிக்காது. தாய் பக்கத்திலேயே படுத்திருக்கும், பாலும் இருக்கும், குட்டிக்குத்தான் வாய் வைத்து உறிஞ்சத் தோன்றாது. ஏற்கெனவே பிற இடங்களில் கண்டறிந்த விஷயம்தான். அப்படிப்பட்ட குட்டிகளின் மூளையில் குருத்தணுக்கள் என்ன ஆகின்றன என்று நாங்கள் பார்த்தோம். பிறந்த சுண்டெலிக் குட்டிக்கு மயிர் இருக்காது, தோல் கண்ணாடி போல இருக்கும். பால் குடித்த குட்டியின் வயிற்றில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரியும். அதைப் பார்த்துத்தான் குடித்ததா இல்லையா என்று சொல்வோம். பொட்டு இல்லாத குட்டி நாளுக்கு நாள் சுருங்கும். நான் கையுறைக்குள் கை வியர்க்க அவற்றை எடை போட்டு வைப்பேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மகள் தாய்ப்பாலைப் பற்றிப் படிக்கிறாள் என்பதுதான். தெருவில் யாராவது உண்டாகியிருந்தால் என்னிடம் அழைத்துவந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிப்படியில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாலில் பிள்ளைக்குப் பாலை உறிஞ்சக் கற்றுக்கொடுக்கிற பொருள் இருக்கிறதாமே, டின் பாலில் அது கிடையாதாமே என்று கேட்பார்கள். அம்மா சொல்லி வைத்ததுதான். ஆமாம் என்பேன். தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது எனக்குப் பிடித்திருந்தது.

கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டாரிடமும் அம்மாவும் அப்பாவும் அப்படியே சொன்னார்கள். செக்கானூரணி பக்கம் விவசாயக் குடும்பம். அவர் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நிச்சயம் ஆனதும் அவரிடம் மட்டும் நான் உண்மையைச் சொன்னேன். சிரித்தார். தன் கம்பெனியில் செய்யும் சாமானைச் சொன்னால் அதைவிடக் கூச்சமாக இருக்கும் என்றார்.

வளைகாப்பில் என் கன்னத்தில் சந்தனம் பூசிய ஒரு பெரியம்மா, "ஒனக்கென்னத்தா, பாலப் பத்திப் பட்டமே வாங்கப் போறவ. ஒம் பிள்ளைக்கு ஊறுறது ஊருக்கே பத்தும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிரசவம் சிசேரியனில் முடிந்தது. ரத்தம் நிறையப் போயிருந்தது. பெண் குழந்தை. நர்ஸ் கொண்டுவந்து என் மார்பில் வைத்தபோது மகள் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டித் தானே தேடிப் பிடித்துக்கொண்டாள். மயக்கம் தெளியாத அந்த நிலையிலும், பூட்டெல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. உறிஞ்சினாள். உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதாள்.

பால் வரவில்லை. நாளைக்கு வந்துவிடும், மறுநாள் வந்துவிடும் என்றார்கள். வந்தது, சொட்டுச் சொட்டாக. மார்பு கனக்கும், நைட்டி நனையும் என்று மற்றவர்கள் சொன்ன எதுவும் எனக்கு நடக்கவில்லை. பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு என்று அம்மா ஊட்டியதில் என் உடம்புதான் பெருத்தது. ஆய்வகத்தில் நான் பார்த்தது பால் இருந்தும் கேட்கத் தெரியாத குட்டிகளை. இங்கே கேட்கத் தெரிந்த வாய் இருந்தது, கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவாள், "நல்லா குடிக்கிறா" என்று. வந்தவர்கள் முன்னால் முந்தானைக்குள் பிள்ளையைச் சேர்த்து அணைத்து உட்கார்ந்திருப்பேன். அவளும் பாவம், சப்பிச் சப்பி அசந்து தூங்கிவிடுவாள். தூங்குகிறாளே, வயிறு நிறைந்துவிட்டது என்பார்கள். ஆட்கள் போனதும் அவள் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பேன். மனிதப் பிள்ளையின் வயிற்றில் வெளியே ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் பார்ப்பேன்.

முதல் செக்கப்பில் டாக்டர் எடை பார்த்தார். பிறந்த எடையைவிடக் குறைந்திருந்தது. இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, பால் போதுமான அளவு இருக்கிறதா என்று என்னிடம்தான் கேட்டார்.

"பாலுக்குக் கொறையே இல்ல டாக்டர். இவளே அதப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்றா" என்றாள் அம்மா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து பிள்ளையின் காலுறையைச் சரிசெய்தேன். பால் போதுமென்றால் எடை குறைவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பக்கத்து அறையில் அவள் குதிகாலில் ஊசியால் குத்தினார்கள். போதுமான ரத்தம் வரவில்லை என்று அமுக்கினார்கள், மறுகாலிலும் குத்தினார்கள். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்தாள்.

எழுந்து டாக்டரின் அறைக்குப் போனேன். உள்ளே வேறு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் முன்னாலேயே, "பால் இல்ல டாக்டர். ஆரம்பத்துலேருந்தே இல்ல" என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சிலருக்கு அப்படி அமைந்துவிடுகிறது, வருவதைக் கொடுங்கள், மீதிக்கு டின் பால் கொடுங்கள், பாட்டில் வேண்டாம், பாலாடைக் கிண்ணத்தில் புகட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. என் வாய் மூடியிருந்ததற்குப் பிள்ளையின் இரண்டு காலிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

டின்னை எங்கள் தெரு மெடிக்கலில் வாங்க அம்மா சம்மதிக்கவில்லை. பாலத்தைத் தாண்டி சிம்மக்கல் போய் வாங்கிவந்தார் அப்பா, கட்டைப்பைக்குள் துண்டு சுற்றி. அது அடுக்களையில் அரிசி டிரம்முக்குள் போனது. கதவைச் சாத்திக்கொண்டு கரைப்போம், கதவைச் சாத்திக்கொண்டு புகட்டுவோம். பிள்ளை தேறினாள். கன்னம் வைத்தது. தெருவில் அதற்கும் என் பாலுக்குத்தான் பெயர்.

ஒரு மாதம் நிறைந்ததும் அத்தை, என் மாமியார், ஊரிலிருந்து தங்கிப் பார்க்க வந்தார். நாட்டுக்கோழி, முருங்கைக்கீரை, பூண்டு என்று பையைப் பிரித்து வைத்தார். "பாலு எப்படித்தா?" என்றார். "மழ பேஞ்ச மாதிரி ஊறுது மதினி" என்றாள் அம்மா. அத்தை தலையாட்டிவிட்டு அடுக்களையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தார். அரிசி டிரம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பிள்ளைக்குப் பசி வந்தது. நான் அறையில் அவளை மார்போடு சேர்த்துப் படுத்தேன். இப்போது அவள் ஏமாறுகிற பிள்ளை இல்லை. முகத்தைத் திருப்பி வீறிட்டாள். அம்மா வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள். வெளியே காற்று நல்லா வருது, முன்னால வந்து உக்காருங்க மதினி என்றாள். அத்தை, இங்கேயே இருக்கட்டும் என்றார். கீழே தறிச் சத்தம் நின்றுவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியிருப்பார்கள். வீடு முழுக்க அவள் அழுகை மட்டும்தான் கேட்டது.

குதிகாலில் ஒட்டியிருந்த பஞ்சு கண்ணுக்குள் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். "அத்தை, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றேன். அரிசிக்குள் கையை விட்டு டின்னை எடுத்தேன். ஒரு கையில் பிள்ளையோடு மூடியைத் திறக்க முடியவில்லை. அத்தைதான் எழுந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். அவசரத்தில் பவுடர் மேடையெல்லாம் சிந்தியது. அம்மா கதவருகில் நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

அத்தை மடியில் வைத்தே பாலாடையால் புகட்டினேன். பிள்ளை ஏப்பம் விட்டுக் கண்ணயர்ந்ததும் அத்தை தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நாஞ் சொன்னாக் கோவிச்சுக்கிராத. அந்தக் கஞ்சாவத் தொட்டுத் தொட்டுத்தான் பாலு வத்திருச்சோ?"

அத்தைக்குத் தெரிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பே மகன் சொல்லிவிட்டிருக்கிறார். இத்தனை வருடம் எங்கள் வீட்டில் கட்டி வைத்த பெயர், யாரிடம் முக்கியமாக மறைத்தோமோ அவரிடம் ஒருநாளும் நிற்கவே இல்லை.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அது வந்த வேகத்திலேயே வடிந்தும்விட்டது. ஏனென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நானும் அதையே நினைத்திருந்தேன். குட்டிகளுக்குப் போட்ட அந்த மருந்து கையுறையைத் தாண்டியிருக்குமோ, அந்தக் குட்டிகளின் பாவம்தானோ என்று. பல வருடம் விஞ்ஞானம் படித்தவள், மூன்று மணி நேரம் அப்படிப் படுத்திருந்தேன். மாசமாக இருந்தபோது நான் அந்த மருந்துப் பக்கமே போகவில்லை என்பதுகூட எனக்கு உதவவில்லை. அத்தை கேட்டுவிட்டார். நான் கேட்கக்கூடத் துணியவில்லை. அந்த வித்தியாசம்தான்.

தரையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னேன். ஆய்வகத்தில் கஞ்சா என்று எதுவும் கிடையாது, நான் பார்ப்பது மூளை வளர உடம்பே செய்துகொள்கிற, தாய்ப்பாலிலும் இருக்கிற பொருள், இதை உங்கள் உடம்பும் செய்கிறது, அம்மாவின் உடம்பும் செய்கிறது, பால் வராததற்கும் இதற்கும் தொடர்பில்லை, ரத்தம் போனதும் உடம்பு வாகும்தான் காரணம் என்று டாக்டர் சொல்கிறார் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டார். நான் ஒரு மாதமாக எனக்கு நானே கேட்டுக்கொள்ளாமல் தள்ளிப்போட்ட கேள்வி அது.

"பாலுல அது இருக்குங்குற. மூளை வளர்றதுக்கு அது வேணுங்குற. அப்ப பாலு குடிக்காத பிள்ளைக்கு?"

பதில் எனக்குத் தெரியும். பாடமாகவே தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

"அது பாலுலருந்துதான் வரணும்னு இல்லத்தை. பிள்ளையோட மூளையே செஞ்சுக்கிரும். வயித்துக்குள்ள இருக்கும்போதே செய்ய ஆரம்பிச்சுரும். எந்த எடத்துல வேணுமோ அந்த எடத்துலயே ஊறி, வேலை முடிஞ்சதும் கரைஞ்சு போயிரும். பாலுல இருக்குறது கூடுதல். அது எம்புட்டு ஒதவும்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது."

அத்தை மடியில் இருந்த பிள்ளையின் தலையைப் பார்த்தார். உச்சிக்குழி மெல்ல ஏறி இறங்கியது.

"சரியாத் தெரியாத ஒண்ணுக்கா இம்புட்டு நாளு அரிசிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தீக" என்றார். கேலி இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

அம்மா மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். பிறகு நான் போனபோது காயாத துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெருவெல்லாம் நாந்தான சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இனி மூஞ்சிய எங்கிட்டு வச்சுக்கிறது?" என்றாள்.

கஞ்சா என்ற சொல்லுக்குப் பயந்து நாங்கள் மூவரும் சேர்ந்து சொன்ன பொய் அது. ஆனால் அதை வீடு வீடாகச் சுமந்தவள் அவள் ஒருத்திதான். நான் படி மேல் உட்கார்ந்து பெருமையை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவளோடு சேர்ந்து ஈரத்துணியை மறுபடி கொடியில் போட்டேன். வேறெதுவும் எனக்குச் செய்யத் தோன்றவில்லை.

அத்தை இருந்த நாட்களில் எதையும் மறைக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் போய், டின் பாலுக்குச் சுடுதண்ணி ஆறிப்போச்சு, கொஞ்சம் வச்சுக் குடு ஆத்தா என்று வெந்நீர் வாங்கிவந்துவிட்டார். தெருவுக்குத் தெரிந்தது அப்படித்தான். யாரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிப்படிக்கு வருகிறவர்கள் வரவில்லை, அவ்வளவுதான். முன்பு என்னிடம் வந்துபோன ஒரு பெண் கைப்பிள்ளையோடு எதிரில் வந்தபோது, என் மனம் நோகுமோ என்று நினைத்தாளோ என்னவோ, பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தபடி போனாள். அம்மா கொஞ்ச நாள் காய்கறி வண்டிக்குக்கூட இறங்கவில்லை. அப்பாதான் வாங்கிவந்தார்.

விடுப்பு முடிந்து மறுபடி நாகமலைக்குப் போனேன். குட்டிகள் சம்பந்தப்பட்ட வேலை பாக்கி இருந்தது. பிள்ளையை விட்டு நெடுநேரம் இருக்க முடியாது என்று சொல்லி அதை ஜூனியர் மாணவி ஒருத்தியிடம் ஒப்படைத்தேன். அவள் நம்பினாள். கண்ணாடித் தட்டுகளோடு மட்டும் நான் இருந்துகொண்டேன். நுண்நோக்கியில் ஒரு குருத்தணு இழை நீட்டி, தயங்கி, பக்கத்து அணுவை நோக்கித் திரும்புவதைப் பார்க்கும்போது மட்டும் மனம் லேசாகும். அங்கே தாயும் இல்லை, பாலும் இல்லை. அணுக்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டன. ஆய்வேட்டை முடித்தேன், பட்டமும் வாங்கினேன்.

மகளுக்கு இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. வாய் ஓயாது. ஆனாலும் அவள் ஒரு சொல்லை மறந்து திணறினால், படியில் கால் தடுக்கி விழுந்தால், டின் பாலால்தானோ என்று என் மனம் ஒரு நொடி கணக்குப் போட ஆரம்பித்துவிடும். தப்பான கணக்கு என்று தெரியும். நிறுத்த முடிவதில்லை.

போன மாதம் பைபாஸ் ரோட்டில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். சேலை மடிப்பைச் சரிசெய்ய மணமகள் அறைக்குப் பக்கத்து அறைக்குப் போனேன். ஒரு சின்னப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அப்படி யாராவது இருந்தால் நான் உடனே வெளியே வந்துவிடுவேன். அவள் திரும்பிப் பார்த்து, கதவைச் சாத்த முடியுமா என்று கேட்டதால் உள்ளேயே நிற்க வேண்டியதாயிற்று. பேச்சுக்கொடுத்தாள். உங்களுக்கு எத்தனை பிள்ளை என்றாள். சொன்னேன்.

"எம்புட்டு நாளு குடுத்தீக அக்கா?"

சிசேரியன், ரத்தம் போனது, டாக்டர் சொன்னது என்று நான் எப்போதும் சொல்லும் விளக்கமெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. காது மடல் சுட்டது.

"குடுக்கல" என்றேன். "டின் பால்தான்."

அவள் "ம்" என்றாள். பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, மேளச் சத்தத்தில் பிள்ளை முழித்துக்கொள்வானோ என்று கவலைப்பட்டாள். அவன் தூங்கும்வரை கதவோரமாக நான் நின்றுகொண்டிருந்தேன்.